பூட்டுப் போடுவது ஊர், சாவி யாரிடம்? சின்னத் தீவுகளைப் பற்றி ஒரு விவாதம்

கரையோரன் எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. சூழல் சம்பந்தமான எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் "உள்ளூர் மக்களே முன்னின்று" என்ற சொல் ஒருமுறையாவது வந்துவிடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யார் முதலில் ஒப்புக்கொண்டார், யார் முறைத்துக்கொண்டு எழுந்து போனார், அன்றைக்கு வருமானம் போனவனுக்கு என்ன சொன்னார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

எனக்குக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்தது பிலிப்பைன்ஸின் அப்போ தீவு. முக்கால் சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. 1970களில் அந்தப் பக்கத்துக் கடலில் வெடி, சயனைடு, அப்புறம் முரோ-ஆமி என்ற ஒரு முறை: கயிற்றில் கல்லைக் கட்டிப் பவளப்பாறையைத் தட்டித் தட்டி மீனை வலைக்குள் விரட்டுவார்கள். மீன் கிடைக்கும். பாறை பொடியாகிவிடும். பொடியான பாறையில் அடுத்த மீன் தங்காது. பக்கத்தில் மீன் இல்லாததால் இன்னும் தொலைவுக்குப் படகு தள்ள வேண்டும்.

சிலிமன் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியலாளர் ஏஞ்சல் அல்கலாவும் அவரோடு இருந்தவர்களும் தீவுக்காரர்களிடம் பேசத் தொடங்கினார்கள். பேசிப் பேசி மூன்று வருடம். கடைசியில் 1982இல் 14 குடும்பங்கள் ஒப்புக்கொண்டன. கரையோரமாக 450 மீட்டர், கடலுக்குள் 500 மீட்டர், இதற்குள் யாரும் மீன் பிடிப்பதில்லை. மொத்த மீன்பிடி இடத்தில் பத்தில் ஒரு பங்குதான். காவலுக்குப் படகு கிடையாது, துப்பாக்கி கிடையாது. கரையில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும், முழுப் பகுதியும் கண்ணுக்குத் தெரியும். குடும்பங்கள் முறை வைத்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் உள்ளே மீன் பெருத்ததை எல்லாரும் கண்ணால் பார்த்த பிறகு தீவு முழுக்க ஒப்புக்கொண்டது. தீவைச் சுற்றி அழிவு முறைகள் எல்லாம் தடை, வெளியூர்ப் படகுக்கும் தடை.

என் கேள்வி: இது அப்போவின் அதிர்ஷ்டமா, அல்லது வேறு தீவுகளிலும் ஆகக்கூடியதா? மீன் மட்டுமில்லை, மின்சாரம், தண்ணீர், குப்பை எதுவாக இருந்தாலும் சரி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கணக்குப்புலி எழுதியது:

நல்ல இழை. ஆனால் நான் எதிர்க்கட்சி.

அப்போவைச் சொல்பவர்கள் பக்கத்திலேயே இருக்கும் சுமிலோன் தீவைச் சொல்ல மாட்டார்கள். அங்கே 1974இலேயே காப்பகம் போட்டார்கள், அதே அல்கலாவின் முயற்சிதான். மீன் பெருகியது, சுற்றியிருந்தவர்களுக்குப் பிடிபாடும் கூடியது. பத்து வருடம் கழித்து உள்ளூர் அரசியல் மாறியதும் 1984இல் காவல் தளர்ந்தது, எல்லாரும் உள்ளே இறங்கினார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் மொத்தப் பிடிபாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. காப்பகத்துக்குள்ளும் சேர்த்துப் பிடித்தும் பாதி!

ஆக, சட்டமும் அதைக் காக்க ஆளும் இருந்தால்தான் நிற்கும். மக்கள், மக்கள் என்று பேசுவது நிதி கேட்கும் விண்ணப்பத்துக்கு நல்லது.


பவளமல்லி எழுதியது:

கணக்குப்புலி ஐயா, கணக்கு சரி, விடை தப்பு. :) பவளப்பாறை பற்றித்தான் மேற்படிப்பு படித்தேன், சுமிலோன் எங்களுக்குப் பாடமே.

சுமிலோனில் ஊர் கிடையாது. அங்கே மீன் பிடித்தவர்கள் எதிரே இருக்கும் செபு என்ற பெரிய தீவின் கரையிலிருந்து வருபவர்கள். காப்பகத்தைப் போட்டது பல்கலைக்கழகமும் நகராட்சியும். யார் வீட்டு வாசலிலும் அது இல்லை. அப்போவில் அப்படியா? முற்றத்தில் உட்கார்ந்தால் தெரிகிற கடல். எவன் உள்ளே போகிறான் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அதே விஞ்ஞானி, அதே மீன், அதே பாறை. வேறுபாடு, பூட்டுப் போட்டது யார் என்பதில்தான். அப்போவுக்குப் பேசப் போகும்போது அவர்கள் செய்த முக்கியமான வேலையே அங்கிருந்த மீனவர்களைச் சுமிலோனுக்குக் கூட்டிப் போய்த் தண்ணீருக்குள் காட்டியதுதான். விளக்கப்படம் போட்டு எவ்வளவு பேசினாலும் அதில் கால்வாசி வேலை நடந்திருக்காது.

இவ்வளவு சின்ன இடத்தை மூடினால் எப்படிப் பலன் வரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சங்கரா வகையில் 61 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பெண்மீன் போடும் முட்டை, 42 சென்டிமீட்டர் மீன்கள் 212 சேர்ந்து போடும் முட்டைக்குச் சமம். நீளம் ஒன்றரை மடங்கு, முட்டை இருநூறு மடங்கு. நாம் எப்போதும் பெரியதைத்தானே முதலில் பிடிக்கிறோம்? பத்தில் ஒரு பங்கு இடத்தில் நாலு கிழட்டு மீனை விட்டு வைத்தால் அதுவே பண்ணை. முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் வெளியே போகும், வளர்ந்த மீனும் உள்ளே நெருக்கடி ஆனால் வெளியே வரும்.

ஆனால் ஒன்று. அப்போ கதையை 1985இல் நிறுத்திவிடாதீர்கள். மீன் பெருகியதும் முக்குளிப்புச் சுற்றுலா வந்தது, கட்டணம் வந்தது. 1994இல் தேசியச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்தார்கள். நிர்வாகம் ஒரு குழுவின் கைக்குப் போனது, வசூலான பணம் அரசுக் கணக்குக்குப் போனது. முக்கால் பங்கு திரும்பி வர வேண்டும் என்பது விதி. ஆனால் தலைநகர் வரை போய்த் திரும்பி வர எத்தனை கையெழுத்து! கரையில் உட்கார்ந்து காவல் காத்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்?


கரையோரன் எழுதியது:

இதை எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் சட்டம் வந்ததே கெடுதலா?


பவளமல்லி எழுதியது:

கெடுதல் என்று சொல்ல மாட்டேன். வெளியூரிலிருந்து பெரிய படகு வந்தால் கரையில் உட்கார்ந்திருப்பவர் கத்தத்தான் முடியும், பின்னால் சட்டம் இருந்தால்தான் பயப்படுவான். அரசு பின்னால் நிற்க வேண்டும். அப்போவில் முன்னால் வந்து நின்றுகொண்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. 2011 டிசம்பரிலும் 2012 டிசம்பரிலும் அடுத்தடுத்து வந்த சூறாவளிகள் அந்தக் காப்பகப் பாறையையே நொறுக்கிவிட்டன. முப்பது வருடக் காவல். புயலிடம் போய் இது காப்பகம் என்று சொல்ல முடியுமா?


டீசல்மணி எழுதியது:

மீன் எனக்குத் தெரியாது. மின்சாரம் தெரியும். இருபது வருடமாக ஜெனரேட்டரோடுதான் குடித்தனம், அதில் பாதி கப்பலில், மீதி மின்கம்பி வராத இடங்களில்.

ஸ்காட்லாந்தில் ஐக் என்று ஒரு தீவு. முப்பது சதுர கிலோமீட்டர் அளவு. ஆண்டாண்டாக ஒரே முதலாளிக்குச் சொந்தம், தீவே ஒருத்தர் சொத்து. முதலாளி மாறுவார், குடியிருப்பவர்கள் குத்தகைக்காரர்களாகவே இருப்பார்கள். 1997 ஜூனில் குடியிருந்த அறுபத்துச் சொச்சம் பேர், அங்குள்ள வட்டார மன்றம், ஒரு காட்டுயிர் அமைப்பு மூன்றும் சேர்ந்து அறக்கட்டளை அமைத்து 15 லட்சம் பவுண்டுக்குத் தீவையே வாங்கிவிட்டார்கள். பொதுமக்கள் அனுப்பிய நன்கொடைதான் பெரும்பகுதி.

அப்போதும் வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர். பெரிய நிலத்திலிருந்து கடலடி கேபிள் போடுவதென்றால் கட்டுப்படியாகாது. 2008இல் சொந்தமாக ஒரு மின்வலை போட்டார்கள். ஓடைத் தண்ணீரில் சுழலும் டர்பைன்கள், நாலு சின்னக் காற்றாலைகள், சோலார் தகடுகள், ஒரு பேட்டரிக் கூடம், ஆபத்துக்கு டீசல். நாட்டின் மின்கம்பியோடு எந்தத் தொடர்பும் இல்லை.

என்னைக் கவர்ந்தது அந்தக் கருவிகள் இல்லை. ஒரே ஒரு விதி. ஒரு வீடு ஒரு நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது. கடை, தொழில் என்றால் 10. மீறினால் உங்கள் வீட்டு இணைப்பு மட்டும் விழுந்துவிடும், ஆள் வந்து எடுத்துவிட வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. பணக்காரன் அதிகம் கொடுத்து அதிகம் வாங்கிக்கொள்ள வழி இல்லை.

5 கிலோவாட் என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். மின்கெட்டில் ஒன்று 3 எடுக்கும். வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும் நேரத்தில் 2. இரண்டும் ஓடும்போது யாராவது ஹீட்டரைத் தட்டினால் முடிந்தது கதை. ஆக, தேநீர் போடப் போகிறவர் முதலில் வாஷிங் மெஷின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பார். மின்வலை வடிவமைப்பில் மிகக் கஷ்டமான விஷயம் உச்சத் தேவை. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்கும் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இரண்டு மடங்கு இயந்திரம் வாங்கி வைக்கிறோம். அதை இவர்கள் ஒரு பிரேக்கரால் தீர்த்துவிட்டார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: குளிர்காலத்தில் காற்றும் மழையும் கொட்டும்போது மின்சாரம் மிஞ்சும். அதை ஊர்ப்பொதுக் கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் அனுப்பிச் சூடேற்றிவிடுகிறார்கள்.


தூண்டில்முள் எழுதியது:

என் வீட்டில் 5 கிலோவாட் என்று விதி போட்டால் முதல் நாளே என் தங்கை தனித்தீவு கேட்பாள்.


கணக்குப்புலி எழுதியது:

டீசல்மணி அண்ணே, பிரேக்கர் விஷயம் அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மின்வலைக்கான பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி மானியம்தானே? நூறு பேருக்கு அவ்வளவு மானியம் எல்லாத் தீவுக்கும் கிடைக்குமா? விதிவிலக்கை வைத்து விதி எழுதாதீர்கள்.


டீசல்மணி எழுதியது:

மானியம்தான், மறுக்கவில்லை. சரி, மானியம் குறைவான உதாரணம் தருகிறேன். டென்மார்க்கின் சாம்சோ. நாலாயிரம் பேர், விவசாயத் தீவு. 1997இல் அரசு ஒரு போட்டி வைத்தது: எந்தத் தீவு பத்து வருடத்தில் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறத் திட்டம் தரும்? சாம்சோ ஜெயித்தது. பரிசுப்பணம் கிடையாது, பெயர் மட்டும்.

2000க்குள் நிலத்தில் 11 காற்றாலைகள். 2003க்குள் கடலில் இன்னும் 10. நிலத்தில் இருப்பதில் ஒன்பது விவசாயிகளுடையது, இரண்டு கூட்டுறவு, பங்கு போட்டவர்கள் நூற்றுக்கணக்கில். கடலில் இருப்பதில் ஐந்தை நகராட்சியே கடன் வாங்கி வாங்கியது. வைக்கோலை எரித்துச் சுடுநீர் தயாரித்துக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பும் நிலையங்கள் தனி.

காற்றாலைச் சத்தம், நிழல், அழகு கெடுகிறது என்று எல்லா ஊரிலும் சண்டை வரும். நான் பார்த்த ஒரு திட்டம் அதனாலேயே நின்றது. தன் பங்கு அதில் சுழல்கிறதென்றால் அதே சத்தம் வேறு மாதிரிக் கேட்கும் போல. சாம்சோவில் எல்லாமே சுத்தம் என்று சொல்ல வரவில்லை. கார், டிராக்டர் எல்லாம் எண்ணெயில்தான் ஓடின. அந்தக் கணக்கை ஈடுகட்டத்தான் கடலில் அந்தப் பத்தும் போட்டதே.


தென்திசை எழுதியது:

இங்கே எல்லாரும் "ஊர் ஒப்புக்கொண்டது" என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள். ஊர் எங்கே ஒப்புக்கொள்ளும்? ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோ தீவைக் கேளுங்கள். பறவை பார்க்கும் பைத்தியம் பிடித்து அங்கே போனவள் நான்.

1918இல் மகாம்போ என்ற கப்பல் தரைதட்டியபோது எலிகள் தீவில் இறங்கின. சில வருடங்களுக்குள் வேறெங்குமே இல்லாத ஐந்து பறவை இனங்கள் அழிந்தன. நூறு வருடம் கழித்து மொத்தத் தீவிலும் எலியை ஒரே மூச்சில் ஒழிப்பதென்று திட்டம். ஆள் குடியிருக்கும் தீவில் அந்த அளவுக்கு அதுவரை யாரும் செய்ததில்லை. மலைப் பகுதிக்கு ஹெலிகாப்டரில் விஷத்தீனி, குடியிருப்புப் பகுதிக்குக் கையால் வைக்கும் பெட்டிகள். ஒரு கர்ப்பிணி எலி தப்பினாலும் எல்லாம் வீண். அதனால் ஒரு வீடுகூட விட முடியாது. சமையலறை, பரண், கொட்டகை எல்லாவற்றுக்கும் ஆள் வருவார்.

அப்போது தீவில் நானூறு பேர்கூட இல்லை. 2015இல் வாக்கெடுப்பு. ஆதரவு 52 சதவீதம்.

மிச்சம் 48? குழந்தைகளுக்கு ஆபத்து, மீனுக்கு ஆபத்து, சுற்றுலா போய்விடும், அரசு சொல்வதை எப்படி நம்புவது என்று அவர்களுக்கு நூறு காரணம். நானூறு பேர் ஊரில் எதிர்த்து வாக்களித்தவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும். மறுநாள் ஒரே படகுத்துறையில்தான் நிற்க வேண்டும். அப்புறம் 2019இல் வேலை நடந்தது. அதற்கு முன் வுட்ஹென் என்ற பறக்காத பறவையில் பெரும்பாலானவற்றைப் பிடித்துக் கூண்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். எலி போன பிறகு அந்தப் பறவை இரண்டு மடங்குக்கும் மேல் பெருகிவிட்டது. நான் போனபோது காலடியில் வந்து ஷூ நாடாவை இழுத்தது. பலன் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனாலும் அந்த 52ஐ நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது. முடிவு மாறியிருந்தால்?


கணக்குப்புலி எழுதியது:

பாருங்கள்! 52க்கு 48. இதற்குப் பெயர் மக்கள் தலைமையா? 48 சதவீதம் பேரின் சமையலறைக்குள் விஷப்பெட்டி வைத்தது மக்கள் தலைமை என்றால் எனக்குத் தமிழே தெரியவில்லை.


தென்திசை எழுதியது:

அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறீர்கள்? நூற்றுக்கு நூறு வரும்வரை எலி காத்திருக்குமா? வாக்கெடுப்பு வைக்காமலே செய்திருக்கலாம், சட்டம் இடம் கொடுத்திருக்கும். வைத்தார்கள் அல்லவா? அதுவும் வாக்கெடுப்புக்குப் பின் நாலு வருடம், வீடு வீடாகப் பேசி, எந்த வீட்டில் எந்தப் பெட்டி எங்கே என்று ஒவ்வொருவரோடும் தனித்தனியாக முடிவு செய்து... இங்கே உட்கார்ந்து நக்கல் அடிப்பது சுலபம்.


நெறியாளர் எழுதியது:

இருவரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். சூடு பரவாயில்லை, ஆளைத் தொடாமல் பேசுங்கள்.


பவளமல்லி எழுதியது:

எலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எலிக்கும் பவளப்பாறைக்கும் சம்பந்தம் இருக்கிறது! எலி இல்லாத தீவில் கடற்பறவை கூடு கட்டும், தொலைக்கடலில் மீன் தின்று வந்து எச்சமிடும், அந்த நைட்ரஜன் மழையில் கரைந்து பாறைக்குப் போகும். இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் எலி உள்ள தீவுகளையும் இல்லாத தீவுகளையும் ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஆய்வில், எலி இல்லாத தீவுகளில் கடற்பறவை 760 மடங்கு அடர்த்தி. பக்கத்துப் பாறையில் மீன்களின் மொத்த எடை 48 சதவீதம் அதிகம்.


கணக்குப்புலி எழுதியது:

தென்திசை, என் வாய்த்துடுக்குக்கு மன்னிக்கவும். "நக்கல்" சரியான சொல்தான்.

ஆனால் பவளமல்லி, சாகோஸ் என்றீர்களே, அங்கே ஊர் என்னவாயிற்று என்று சொல்லவில்லையே. 1968 முதல் 1973 வரை அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் அத்தனை பேரையும் பிரிட்டன் வெளியேற்றியது, அங்குள்ள தியேகோ கார்சியா தீவில் அமெரிக்க ராணுவத் தளம் வர வேண்டும் என்பதற்காக. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அப்புறம் 2010இல் அதே கடலை உலகின் மிகப் பெரிய காப்பகங்களில் ஒன்று என்று அறிவித்தார்கள். மீன்பிடிக்கத் தடை. திரும்பி வந்தாலும் அவர்கள் எதைப் பிடித்துப் பிழைப்பார்கள்? மொரீஷியஸ் வழக்குப் போட்டது. 2015இல் நடுவர் மன்றம், அந்தக் காப்பகத்தை அறிவித்த விதம் கடல் சட்ட உடன்படிக்கைக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது.

அரசு வேண்டும், சட்டம் வேண்டும் என்று முதல் பதிவில் எழுதியவன் நான்தான். இதை யோசிக்காமல்தான் எழுதினேன்.


பவளமல்லி எழுதியது:

சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கடலின் தரவுகளை நாங்கள் "மனிதத் தாக்கம் இல்லாத பாறை" என்ற தலைப்பில்தான் படித்தோம். அந்தச் சொற்றொடரின் விலை வகுப்பில் வரவில்லை.


ஆழ்கிணறு எழுதியது:

தாமதமாக வருகிறேன். யாரும் தண்ணீரைத் தொடவில்லை, அதனால் நான்.

சின்னப் பவளத் தீவில் ஆறு இல்லை, ஏரி இல்லை. மழைநீர் மணலில் இறங்கிக் கடல்நீரின் மேல் மிதக்கும். நன்னீருக்கு எடை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் விஷயம். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு இருக்கும் என்பது பழைய கணக்கு. கேட்க வசதியாக இருக்கும். இதைத் திருப்பிப் போடுங்கள்: மேல்மட்டம் ஒரு சாண் இறங்கினால் அடியில் எட்டு, ஒன்பது மீட்டர் போய்விடும். நடைமுறையில் இரண்டுக்கும் நடுவே நன்னீரும் உப்புநீரும் கலந்த அடுக்கு இருப்பதால் இன்னும் மோசம். ஓர் இடத்தில் பெரிய மோட்டார் வைத்து இழுத்தால் அடியிலிருந்து உப்புநீர் கூம்பாக மேலேறும். ஒருமுறை ஏறினால் இறங்க எத்தனை மழைக்காலம் ஆகுமென்று மழைக்குத்தான் தெரியும்.

அதனால் ஆழ்துளை போடாமல், நீர்மட்டத்தை ஒட்டிக் கிடைமட்டமாகத் துளையிட்ட குழாய்களைப் புதைத்து மேலாக வழித்தெடுப்பார்கள். பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியின் தராவாவில் போன்ரிக்கி பகுதியில் அப்படித்தான் எடுக்கிறார்கள். அங்கேயும் சண்டை உண்டு: நீர்க்காப்புப் பகுதி என்று அரசு ஒதுக்கிய நிலத்தின் சொந்தக்காரர்கள், எங்கள் நிலத்தில் நாங்கள் வீடு கட்டக்கூடாதா என்று கேட்கிறார்கள். கேட்கத்தானே செய்வார்கள்? வீடு வந்தால் கழிப்பறை வரும், கழிப்பறைக்குக் கீழே இரண்டு மீட்டரில் எல்லாரும் குடிக்கும் தண்ணீர். இதில் யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்றுவரை முடிவுக்கு வர முடியவில்லை.


கரையோரன் எழுதியது:

இழை நான் நினைத்ததைவிட ஆழமாகப் போய்விட்டது. நடைமுறையாக ஒன்று கேட்கிறேன். கையில் பணமும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. ஒரு தீவுக்காரர்கள் எதையாவது தொடங்க வேண்டுமென்றால் எதில் தொடங்குவது?


பவளமல்லி எழுதியது:

சீக்கிரம் பலன் தெரியும் ஒன்றில். மடகாஸ்கரின் தென்மேற்கில் அந்தவதோகா என்ற மீனவ ஊர் 2004இல் ஒரு திட்டை ஏழு மாதம் மட்டும், யாரும் ஆக்டோபஸ் பிடிக்கக்கூடாது என்று மூடிப் பார்த்தது. அது மாதக்கணக்கில் பெருத்துவிடும் உயிர், ஆயுளும் ஓரிரண்டு வருடம்தான். கலவா மீன் பெருக்கப் பத்து வருடம் காத்திரு என்றால் யார் காத்திருப்பார்கள்? ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். திறந்ததும் பெரிது பெரிதாகக் கிடைத்தது, அடுத்தடுத்த ஊர்களும் மூட ஆரம்பித்தன.

குறை இல்லாமல் இல்லை. திறக்கும் நாளில் சுற்றுவட்டாரமே வந்து இறங்கிப் பாறையை மிதித்துத் தள்ளியது. இன்னொன்று, வற்றம் வரும்போது கையில் குச்சியோடு நடந்து ஆக்டோபஸ் குத்துவது அங்கே பெரும்பாலும் பெண்களின் வேலை, படகு வைத்திருப்பவர்கள் ஆண்கள். திட்டை மூடினால் அன்றைக்கே வருமானம் போவது யாருக்கு? கூட்டத்தில் பேசுவது யார்? கரையோரன், உங்கள் முதல் பதிவில் கேட்டீர்களே, எழுந்து போனவர் யார் என்று. பல இடங்களில் சிலர் எழுந்து போகவே இல்லை, வந்திருந்தால்தானே எழுந்து போக.


ஆழ்கிணறு எழுதியது:

அளப்பதில் தொடங்குங்கள். காசே ஆகாது.

பல வருடத்துக்கு முன் ஒரு பவளத் தீவில் எட்டு மாதம் கிணறுகளை அளந்தேன். பெயர் வேண்டாம், சின்ன இடம், சொன்னால் ஆளையே கண்டுபிடித்துவிடுவார்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு மோட்டார், ஒரு தொட்டி. ஓட்டுகிறவன் மனசுபோல் ஓட்டுவான், தொட்டி வழியும், சண்டை வரும். உப்புமானி ஒன்றுதான் என்னிடம் இருந்தது, எட்டு மாதம் எழுதிய நோட்டில் யாருக்கும் அக்கறை இல்லை. ஒருநாள் நோட்டைக் காட்டாமல் நாலு கிணற்றுத் தண்ணீரை நாலு டம்ளரில் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தேன். காலையில் எடுத்தது ஒன்று, மோட்டார் மூன்று மணி நேரம் ஓடிய பின் எடுத்தது ஒன்று என்று. கடைசி டம்ளரை வாயில் வைத்தவர் துப்பிவிட்டார்.

அன்றைக்கே கூடிப் பேசினார்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் மோட்டார். அதை யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் இழுபறி. தலைவர் வீடு என்றார்கள், பள்ளிக்கூடம் என்றார்கள். கடைசியில் மோட்டார் அறைச் சாவி கடலோரம் தாழ்வில் இருந்த ஒரு பாட்டியிடம் போனது. ஊரிலேயே முதலில் உப்பாகும் கிணறு அந்தப் பாட்டியுடையது. விடிந்ததும் தன் கிணற்றில் ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிப் பார்ப்பார். கரித்தால் அன்றைக்குச் சாவி வெளியே வராது. தலைவரே வந்து வாசலில் நின்றாலும் வராது.


டீசல்மணி எழுதியது:

மோட்டார் எத்தனை எச்.பி.?


ஆழ்கிணறு எழுதியது:

ஒன்றரை. அதற்கே அந்தப் பாடு.